ஜெசிந்தா அக்காவும் மண் கிடைக்காத நால்வரும்

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போல் பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறிக் கிள்ளானுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுபாங் ஜெயா தாண்டியதும் கைப்பேசி அடித்தது. ஜெசிந்தா அக்காவின் ஒரே மகள் ஷரன்.

"அங்கிள், அம்மா போயிட்டாங்க. டீ போட்டு எடுத்துட்டுப் போனேன், எழும்பவே இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். ஷரன் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "அங்கிள், அந்தப் பெட்டிங்க இன்னும் அங்கதானே இருக்கு? நேத்து சாயந்தரம்கூட கேட்டாங்க" என்றாள்.

"இருக்கும்மா" என்றேன். வியாழக்கிழமை அவற்றை ஏற்றிப்போக லோரி வருகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அக்காவை அறிந்தவர்களுக்கு அந்தப் பெட்டிகளையும் தெரியும். அறியாதவர்களுக்காகத்தான் இதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

கிள்ளான் ஆற்றங்கரையை ஒட்டி, வெள்ளைக்காரன் காலத்துக் கருவூலக் கட்டடம் ஒன்று இருக்கிறது. முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர், கம்பி போட்ட ஜன்னல், நடந்தால் முனகும் மரப்படி. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் சம்பளப் பணம் அங்கேதான் பூட்டிக் கிடந்ததாம். பிறகு அதைச் சின்ன அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். கல் கோடரி, துருவேறிய ஈயக் கட்டி, ஆற்று மணலில் கிடைத்த பீங்கான் துண்டு, இவைதாம் எங்கள் சொத்து. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். அவர்கள் வருவது ஏர்கோன் குளிருக்காக என்பது என் கருத்து. அக்கா ஒத்துக்கொள்ளமாட்டார்.

திருமதி ஜெசிந்தா அந்த அருங்காட்சியகத்தின் காப்பாளர். ரயில்வே குடும்பம். அப்பா சிக்னல் வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர் அக்கா. கத்தோலிக்கர். தொல்லியல் படித்தவர். திருமணமாகிக் கிள்ளானுக்கு வந்தார், சீக்கிரமே கணவரை இழந்தார், அதற்குப் பிறகு ஷரனும் அந்தக் கட்டடமும்தான் அவருக்கு உலகம். நான் விளக்கு, கண்ணாடிப் பேழை, பெயர்ப்பலகை இவற்றைக் கவனிப்பவன். சேர்ந்த அன்றே என் கையில் ஓர் உடைந்த தட்டைக் கொடுத்து மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஒரு கையில் வாங்கினேன். "ரெண்டு கையாலயும் புடிங்க மிஸ்டர் பாலா. இது கோப்பிக் கடை தட்டு இல்ல" என்றார். சண்டைக்காரி என்று அன்றே முடிவுகட்டினேன். தப்பில்லை, சண்டைக்காரிதான். மேடம் என்று கூப்பிட ஆரம்பித்து, ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து என் அம்மாவின் முறுக்கைக் குறைசொன்ன நாளிலிருந்து அக்காவானார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. கட்டடத்துக்குள் எந்தப் பொருள் வந்தாலும் பொழுது சாய்வதற்குள் அதன்மேல் எண் எழுதிவிட வேண்டும். மெல்லிய வார்னிஷ் தடவி, அது காய்ந்ததும் நுனிப் பேனாவால் கறுப்பு மையில் எழுதி, மேலே மறுபடி வார்னிஷ். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். "நம்பர் இல்லாத சாமான் அநாதை, பாலா. யார் வேணா தூக்கிட்டுப் போயிடுவான். நம்பர் போட்டுட்டா அது அரசாங்கச் சொத்து. ஒருத்தனும் தொட முடியாது" என்பார். முன்பு எங்கோ எண் போடாத நாணயங்கள் மாயமான கதையை அவர் அறிவார். அந்தப் பயம். அந்தச் சட்டத்தில் குறை சொல்ல அப்போது எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

காப்பார் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை வீடமைப்புக்காக அழித்தார்கள். சாக்கடை வெட்டிய இயந்திரம் மனித எலும்புகளை வாரிக் கொண்டுவந்தது. கூடவே மண்பானை ஓடுகள். தகவல் வந்ததும் அக்கா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். வேன் திரும்பியபோது சாயங்காலம். நான்கு பேருடைய எலும்புகள். அதில் ஒன்று குழந்தை.

அன்று அவர் முகம் நான் அதற்கு முன்பும் பின்பும் பார்க்காத முகம். "பாலா, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆளுங்களா இருக்கலாம். இந்தக் கிள்ளான் மண்ணுல!" என்றார். மேசை விளக்கைச் சரிசெய்து கொடுத்தேன். ஒவ்வோர் எலும்பிலும் குனிந்து குனிந்து எண் எழுதினார். குழந்தையின் விலா எலும்பில்கூட எழுத்து கோணவில்லை. சில ஓடுகளில் முரட்டுத்தனமாகக் கொத்திய ஓட்டைகள் இருந்தன. நெடுநேரம் யோசித்து, 'நீர் வடிகட்டும் கலமாக இருக்கலாம்' என்று குறிப்பு எழுதினார். அதைப் பெயர்ப்பலகையாக அச்சடித்து ஒட்டியவன் நான். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டினார்கள். காலம் கணிக்க அனுப்பிய பல் மட்டும் கிணற்றில் போட்ட கல். அதற்குப் பதில் இன்றுவரை இல்லை.

அடுத்த ஆண்டு சின்ன அருங்காட்சியகங்களை நடத்துபவர்களுக்கான பயிற்சிக்கு அவரைக் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். ஏதென்ஸ் இல்லை, ஏதோ சின்ன ஊர். அங்கேயும் ஒரு பழைய வீடுதான். எண்ணெய் வியாபாரி கட்டிய கல் வீட்டைத் தொல்பொருள் அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார்களாம். திரும்பி வந்தவர் சலவைக்கல் சிலைகளைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த வீட்டைக் காத்துவந்த எலேனி என்ற பெண்ணைப் பற்றித்தான் பேசினார். அவர்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கமாம். புதைத்துச் சில வருடம் கழித்துக் குழியைத் தோண்டி, எலும்பை எடுத்து, திராட்சை மதுவால் கழுவி, பெட்டியில் வைத்துப் பெயர் எழுதிக் கோயிலில் சேர்ப்பார்களாம். எலேனி தன் தாயின் மண்டையோட்டைத் தானே கழுவியவர். பழங்கால எலும்புகள் இருந்த பேழைக்கு முன் அக்காவைக் கூட்டிப்போய், "இவர்களைக் கழுவியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அதனால் தினமும் காலையில் வணக்கமாவது சொல்கிறேன்" என்றாராம்.

"நான் நம்ம ஆளுங்களுக்கு ஒரு நாள்கூட வணக்கம் சொன்னதில்லையே பாலா" என்றார் அக்கா. மறுநாள் முதல் சொல்ல ஆரம்பித்தார். பேழைக்கு முன் நின்று, "காலை வணக்கம்." வாசலில் ஜாகாவாகக் காவலிருக்கும் மலாய்க்காரர் பாக் ஹமிட் முதலில் சிரித்தார். பிறகு அவரும் அந்த இடத்தைக் கடக்கும்போது சலாம் சொல்லப் பழகிக்கொண்டார். நான் சொல்லவில்லை. எனக்கு அதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது.

பிறகு என் அப்பா இறந்தார். ரவாங்கில் அடக்கம். எங்கள் வழக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், இடுகாட்டுக்கு வரமாட்டார்கள். அக்கா வந்தார். என் சித்தப்பா தடுத்தார். "நான் பாலா கூட வேலை செய்றவ. அவரோட அப்பாவ அனுப்பி வைக்காம எங்க நிக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தன் காடியைத் தானே ஓட்டிக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவரிடம் சித்தப்பா என்ன செய்வார்?

நான் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து அப்பாவைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் சித்தப்பா பின்னாலிருந்து கத்தி முனையால் குடத்தைக் கொத்தினார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கடைசியில் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். குடம் சுமப்பவனுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பார்க்கவும் கூடாது. எனக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தார். எல்லாவற்றையும் அவர் பார்த்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாலா, அந்தக் குடத்துல எத்தனை ஓட்டை போடுவாங்க?"

"சுத்துக்கு ஒண்ணு. மூணு."

"எந்தக் காலத்துலேருந்து இப்படிச் செய்றீங்க?"

"யாருக்குத் தெரியும் கா? எங்க தாத்தாவுக்கும் இதான்."

அவர் கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். எங்கள் பேழையில் இருந்த ஓடு. கொத்திய ஓட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக, விளிம்பு சிதறி. எங்கள் அப்பாவின் குழியருகே கிடந்த உடைந்த குடத்துண்டையும் படம் எடுத்திருந்தார். இரண்டும் ஒன்றேதான்.

"வடிகட்டின்னு எழுதிட்டேன்" என்றார். "யாரோ ஒரு மகன் தோள்ல சுமந்த குடம். அத நான் வடிகட்டின்னு எழுதி விளக்குப் போட்டு வச்சிருக்கேன். ஆயிரம் வருஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தோட்டத்து ஆளுங்க பாலா. பால் மரம் வெட்ட வந்த நம்ம ஆளுங்க." அக்கா அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தேற்ற வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

மறுநாளே எலும்புகளைக் காட்சியிலிருந்து எடுத்து நான்கு பெட்டிகளில் வைத்தார். ஒன்று மட்டும் சின்னது. இனி அவர்களைப் புதைத்துவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன். அங்கேதான் அவருடைய சட்டமே அவர் கழுத்தைப் பிடித்தது. எண் போட்டாகிவிட்டது. எண் போட்டது அரசாங்கச் சொத்து. அரசாங்கச் சொத்தை மண்ணில் புதைக்க வழியில்லை. வாரிசு யாராவது ஆதாரத்தோடு கேட்டால் யோசிக்கலாம் என்றது தலைமை அலுவலகம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா வாரிசு தேடிக் கிளம்பிவிடுவார். தோட்டம் போய்விட்டது. ஆட்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. இடுகாட்டின் மேல் இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. அங்கிருந்து வந்தவர்களைக் கிள்ளானிலும் காப்பாரிலும் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தார். எல்லார் வீட்டிலும் அங்கே புதைத்தவர் ஒருவர் இருந்தார், ஒருவரிடமும் ஆதாரம் இல்லை. துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் மரியாதையாக உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்து, "எங்க பாட்டனா இருக்கலாம்மா, இல்லாமலும் போகலாம். கையெழுத்து மட்டும் கேட்காதீங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

பிறகு வெள்ளம் வந்தது. கிள்ளான் ஆற்றுத் தண்ணீர் கட்டடத்துக்குள் இடுப்பளவு ஏறியது. அக்காவும் பாக் ஹமிட்டும் முதலில் மாடிக்குத் தூக்கியது அந்த நான்கு பெட்டிகளைத்தான். பீங்கான் பிறகுதான். சேதத்தைப் பார்வையிட வந்த அதிகாரி நல்ல மனிதர். அக்காவின் அலைச்சலை அறிந்தவர். அக்காவைத் தனியே கூப்பிட்டு, "மேடம், வெள்ளத்துல போச்சுன்னு எழுதிடுங்க. நான் சைன் பண்றேன். அப்புறம் நீங்க எங்க புதைச்சாலும் எனக்குத் தெரியாது. செட்டில் லா" என்றார்.

நான் அருகில் நின்றேன். முருகா, ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று வேண்டினேன்.

"மாட்டேன் சார்" என்றார் அக்கா.

அன்று அவரோடு நான் போட்ட சண்டைபோல் ஒன்றை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டிருக்காது. "ஒரு பொய்தானே கா! ஒரு வரி! எழுதிட்டு அந்தப் புள்ளைய மண்ணுல வைங்க!" என்று கத்தினேன். பாக் ஹமிட் வந்து என் தோளைப் பிடித்தார்.

அக்கா கத்தவில்லை. "ஒரு தடவை இவங்களப் பத்தித் தப்பா எழுதினேன். மறுபடியும் தப்பா எழுதச் சொல்றீங்களா? வெள்ளத்துல போன சாமானாவா இவங்களப் புதைக்கிறது? தோட்டத்துல உழைச்சுச் செத்தவங்கன்னு எழுதி, அதத் தலைமை ஒத்துக்கிட்டு, வாசல் வழியா வெளிய வரணும் பாலா" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் நான் அவரை அதற்காக இன்னும் மன்னிக்கவில்லை. இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுத வேண்டுமாம். அன்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த நால்வரும் இப்போது மண்ணுக்கடியில் இருப்பார்கள். அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவர் ஜெசிந்தா அக்காவாக இருந்திருக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு நான்தான் தவிக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் வாரம் தவறாமல் வருவார். பெட்டிகளில் ஈரம் தட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கல்லறைத் திருநாளன்று கணவரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேரே எங்களிடம் வருவார். பொருளறையில் நெருப்பு கூடாது என்று சட்டம் போட்டவரும் அவரே. அதனால் பின்வாசல் படியில் நான்கு மெழுகுவர்த்திகளை ஏற்றி, அவை அணையும்வரை வெயிலில் நின்றிருப்பார். இருதயம் பலவீனமாகி, மருத்துவர் படியேறக் கூடாது என்று சொன்ன பிறகு, கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி மாடியைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்.

கட்டடத்தைப் புதுப்பித்து உணவகமாக்கப் போகிறார்கள் என்ற செய்தி இந்த ஆண்டு வந்தது. பொருள்களெல்லாம் வெளியூரில் ஒரு பொதுக் கிடங்குக்கு. அங்கே போனது திரும்பி வராது என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அக்கா மேலதிகாரியைச் சந்திக்க நேரம் கேட்டார். கொடுத்தார்கள், தள்ளிவைத்தார்கள், மறுபடி கொடுத்தார்கள். கடைசியாகக் கொடுத்தது அடுத்த வாரத்துக்கு, லோரி வந்துபோன பிறகு. அதற்குக் கட்டிக்கொள்ள ஒரு சேலையைச் சலவைக்குக் கொடுத்திருந்தாராம். அந்தச் சேலையைத்தான் ஷரன் அவருக்குக் கட்டி அனுப்பினாள்.

அடக்கமும் வியாழக்கிழமைதான். லோரியை ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். புக் பண்ணியாகிவிட்டது, முடியாது என்றார்கள். தேவாலயத்தில் கூட்டம் அதிகமில்லை. கல்லறைத் தோட்டத்தில் கணவருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்து மூன்று பிடி மண் போட்டோம். பெட்டிமேல் மண் விழும் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை அடங்கவில்லை. பெற்ற மகள், பூசை, குழி, மண், எல்லாம் அக்காவுக்குக் கிடைத்தது. கிடைக்க வேண்டும் என்று அவர் அலைந்தது வேறு நால்வருக்கு.

கைக்குட்டையை விரித்து அந்தக் குவியலிலிருந்து மண்ணை அள்ளி முடிந்துகொண்டேன். ஷரன் பார்த்தாள். தானும் ஒரு பிடி அள்ளி என் கைக்குட்டையில் போட்டாள்.

அருங்காட்சியகத்துக்குத் திரும்பியபோது லோரி வாசலில் நின்றது. பீங்கானும் கோடரியும் ஏறியாயிற்று. ஓட்டுநர் எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். நான்கு பெட்டிகளும் கீழ்ப்படியருகே இருந்தன. பாக் ஹமிட் என் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வழக்கத்திலும் குழிக்கு மண் அள்ளிப் போடுகிறார்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொருவருக்கும் மூன்று பிடி போட்டேன். சின்னப் பெட்டிக்கு வரும்போது மண் குறைந்துவிட்டது. கைக்குட்டையை உதறிப் போட்டேன். பாக் ஹமிட் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். கறுப்பு மையில் அக்கா எழுதிய எண்கள் மண்ணுக்கு மேலே தெரிந்தன. மூடி ஒட்டினோம். ஓட்டுநர் வந்தார், ஏற்றினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அரசாங்கச் சொத்தில் மண்ணைக் கொட்டியவன் என்று என்மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கட்டும். அதற்காகவே என் பெயரோடு எழுதுகிறேன்.

அக்கா, பெட்டிக்குள் மண் போனால் பூஞ்சை பிடிக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இது அடக்கம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் வாசல் வழியாகத்தான் போனார்கள், ஆனால் நீங்கள் கேட்டபடி போகவில்லை. என்னால் முடிந்தது இவ்வளவுதான். உங்களுக்குப் போட்ட அதே மண்ணைத்தான் அவர்களுக்கும் போட்டிருக்கிறேன். போய் வாருங்கள்.